பந்தி முடியும் வரை

அத்திம்பேருக்குப் பசிப்பதில்லை என்று எங்கள் குடும்பம் நம்பியது. மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தாலே அவருக்கு வயிறு நிறைந்துவிடும் என்று என் அம்மா சொன்னாள். என் அக்கா அதையே கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் அலுப்புமாகச் சொன்னாள். அவர்களுடைய ஒரே பெண் வைதேகி, பள்ளிக்கூட நாட்களில், "எங்கப்பா சாப்பிடவே மாட்டார், தெரியுமா?" என்று ஏதோ வித்தை கற்றவரைப் பற்றிச் சொல்வதுபோல் தோழிகளிடம் சொல்லித் திரிந்தாள். வருஷக்கணக்கில் அது எங்கள் வீட்டு வேடிக்கையாக இருந்தது. அவருடைய உணவுக்குழாயில் ஒரு கட்டி வளர்ந்து, சோற்றுப் பருக்கை இறங்க வழியில்லாமல் போன மாதங்களிலும் நாங்கள் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் அக்காவின் கணவரை அத்திம்பேர் என்று அழைப்போம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைப் பெயர் சொல்லி ஒரு நாளும் அழைத்ததில்லை. எழுத்தில் மட்டும் அந்த உரிமையை எடுத்துக்கொள்வது முறையாகப் படவில்லை.

பாசனத் துறை அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. முக்கொம்புக்கும் லால்குடிக்கும் ஜீப்பில் அலைந்து, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்துவிட்டு வருவார். கடைமடை வயல்காரர்கள் சில சமயம் அவரைத் தேடி வீட்டுக்கே வந்துவிடுவார்கள். தண்ணீர் திறந்துவிடும் அதிகாரம் அவரிடம் இருந்ததில்லை. அதை அவர்களிடம் மறைத்ததும் இல்லை. ஆனால் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பியதே கிடையாது. "தண்ணிக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. சாதத்துக்குப் பண்ணலாம், உட்காருங்கோ" என்பார்.

உயரமான மனிதர். தோளுக்குக் கீழே முதுகில் லேசான ஒரு வளைவு இருந்தது. இலைக்கு இலை குனிந்து வந்த வளைவு அது என்று அக்கா சொல்வாள். வேஷ்டியை மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் இறுக்கி, இடது கையில் பாத்திரமும் வலது கையில் கரண்டியுமாக அவர் வந்தால், அவருடைய நடையே வேறாகிவிடும். அலுவலகத்துக்கு அப்படி நடந்து போய் நான் பார்த்ததில்லை.

பரிமாறும்போது அவர் யாரையும் "வேணுமா?" என்று கேட்கமாட்டார். அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"வேணுமான்னு கேக்கப்படாது. கேட்டா மனுஷா போதும்னுதான் சொல்லுவா."

"பின்னே எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"கையைப் பார்த்தாத் தெரிஞ்சுடும். வாய் மரியாதைக்குப் பேசும். கைக்கு அதெல்லாம் தெரியாது."

பசித்தவனுடைய விரல்கள் இலையை விட்டு எழும்பாது. நிறைந்தவனுடைய விரல்கள் மிச்சத்தை ஒரு ஓரமாக ஒதுக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் வேண்டும், கேட்க வெட்கம் என்றிருப்பவனுடைய கை, தீர்ந்துபோன பண்டம் இருந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்துக்குள் அத்திம்பேருடைய கரண்டி அங்கே வந்துவிடும். விருந்துக்கு வந்தவர்களுக்கு அது அதிசயமாக இருக்கும். "நான் கேக்கவே இல்லையே மாமா!" என்பார்கள். "நீங்க கேக்கலை, சாப்பிடுங்கோ" என்று அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

வைதேகியின் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனாராக, பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாகச் சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், சாப்பாட்டுக் கூடத்தில் வாளியும் கரண்டியுமாக இருந்தார். பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி அவரைச் சமையல்காரர்களோடு வந்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாமா, இங்க கொஞ்சம் சாத்தமுது விடுங்கோ. அப்படியே அந்தப் பொண்ணோட தோப்பனாரைச் செத்த வரச் சொல்லுங்கோ. காலம்பரலேர்ந்து தேடறேன், மனுஷன் கண்ணுலயே படலை."

"இந்த வரிசையை முடிச்சுட்டு வரச் சொல்றேன்" என்றார் அத்திம்பேர். எங்கள் வீடுகளில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். அவர் வரிசையின் கடைசி வரை அதைப் பரிமாறி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அங்கவஸ்திரத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, அதே அத்தையின் முன்னால் கைகூப்பி, "கூப்பிட்டேளாமே?" என்றார். அந்த அம்மாள் வாயில் வைத்த அப்பளத்தோடு அப்படியே எழுந்துவிட்டாள். "பந்தி நடுவுல எழுந்துக்கக் கூடாது, உட்காருங்கோ உட்காருங்கோ" என்று அவளைவிட அவர்தான் பதறினார்.

அந்த ஒரு விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முடித்தபின் ஒன்றாகத்தான் எழ வேண்டும். ஒருவர் பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கை தயங்கும். பிறகு வரிசையே அரைவயிற்றோடு எழுந்துவிடும். அவருடைய வீட்டில் அவர் கோபித்து நான் கேட்டதெல்லாம், சாப்பாட்டுக்கு நடுவில் தொலைபேசி மணி அடித்து யாராவது எழுந்தபோதுதான்.

என் கணவர் காலமானபின், துவாக்குடியில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நான் அவர்களோடு வந்து சேர்ந்தேன். சித்திரை வீதிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் அவர்கள் வீடு. நான் அப்போது கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன், விடுப்பில் இருந்தேன். முதல் நாட்களில் என்னால் எதையும் விழுங்க முடியவில்லை. அக்கா அழுதாள், கெஞ்சினாள், கோபித்தாள். அத்திம்பேரோ ஒரு டம்ளரில் சாத்தமுதை ஆற்றி எடுத்துவந்து, நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்த மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, மறந்து வைத்ததுபோல் போய்விடுவார். ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போய், சூடாக இன்னொன்றை வைப்பார். அதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. சில நாள் கழித்து, கூடத்தில் அவர் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அவ கை டம்ளரைத் தேடிடுத்து. இனிமே பயமில்லை."

எனக்கு உயிர் திரும்பியது அன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் எப்போது சாப்பிட்டார் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததில்லை. எல்லோரும் எழுந்து, அக்கா சற்றுப் படுக்கப் போனபின், சமையலறையில் ஏதோ சாப்பிட்டுக்கொள்வார் என்று தெரியும். ஒரு பிற்பகல் தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் அவரைப் பார்த்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, சாத்தமுது சாதத்தை நன்றாகக் குழையப் பிசைந்து, அப்பளத்தை அதன்மேல் நொறுக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் தலை மெல்ல ஆடியது. நல்ல பாட்டுக் கேட்பவர் தலை ஆடுவதுபோல. என் காலடி கேட்டதும், கையும் களவுமாகப் பிடிபட்ட குழந்தைபோல் திரும்பினார்.

"பாத்துட்டயா?"

"உங்களுக்குப் பசிக்காதுன்னு எல்லாரும் சொல்றாளே அத்திம்பேர்?"

"பசிக்காம என்ன? நன்னாப் பசிக்கும். எல்லாரும் எழுந்துண்டப்புறம்தான் எனக்கு ருசி தெரியறது. யாருக்கு என்ன குறைன்னு மனசு ஓடிண்டே இருக்காது பாரு. நிம்மதியாச் சாப்பிடலாம்."

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உன்னைப் பாத்ததும் கூச்சத்துல ஏதாவது சொல்லியிருப்பார். அவருக்காவது, பசியாவது!" கண்ணால் கண்டு சொன்ன சாட்சியைவிட எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை வலுவானதாக இருந்தது.

அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்து, ஒரு புரட்டாசியில் மெலியத் தொடங்கினார். கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி வழுக்கியது. வேறு ஊராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சாப்பிடாத மனிதரைப் பார்த்தால் வியாதி ஞாபகத்துக்கு வருவதில்லை, விரதம்தான் வரும். புரட்டாசிச் சனிக்கிழமைகள் வந்தன; மாதந்தோறும் ஏகாதசிகள் வந்தன; அப்புறம் மார்கழி. சாதத்தை விட்டுக் கஞ்சிக்கு வந்தார். "பனிக்கு இதமா இருக்கு" என்றார். குரல் கரகரத்தது. அதுவும் பனி. கோயிலில் கொடுத்த பொங்கலை ஒரு வாய் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் பகிர்ந்து வைத்தார். எதிர்வீட்டு மாமி, "மாமா முகத்துல என்ன தேஜஸ்!" என்றாள். அக்காவும், "இந்த வருஷம் ரொம்ப நியமமா இருக்கார்" என்று மகிழ்ந்து சொன்னாள். பென்ஷன் விஷயம் என்று சொல்லி இரண்டொரு தடவை அவர் மட்டும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்வந்தார். போன இடம் மருத்துவமனை என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு வைதேகி தன் கணவனையும் மகள் ஸ்ரீநிதியையும் அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்தாள். வாசலில் பையை வைத்த கையோடு தகப்பனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, பாதியா ஆயிட்டேள்?"

"வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல நுழைய வேண்டாமா? முழு மனுஷனுக்கு இடம் கிடைக்காது."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வைதேகி ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தாள். இந்த முறை அப்பா தங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது நடந்ததில்லை. முதல் நாள் கேட்டாள், ஏகாதசி என்றார். மறுநாள் கேட்டாள், விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணை விடியற்காலையிலேயே ஆயிற்று, நீங்களெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றார். அதற்கடுத்த நாள் மாப்பிள்ளைக்கு அவரே நின்று தோசை வார்த்துப் போட்டார். கடைசித் தோசை விழுவதற்குள் எல்லோரும் கை கழுவியிருந்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைதேகி அறிவித்தாள்: "நாளைக்கு ஆத்துல தளிகை கிடையாது. அம்மா அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. கண்டோன்மென்ட்ல ஒரு ஹோட்டல்ல பஃபே. சுத்த சைவம். எல்லாம் மேஜையில வெச்சிருப்பா. அவா அவா தட்டை எடுத்துண்டு போய் வேண்டியதைப் போட்டுண்டு வரணும்."

"உங்கப்பாவா? ஹோட்டலுக்கா?" என்றாள் அக்கா. "தட்டைத் தூக்கிண்டு வரிசையில நிக்கறதுக்கா? நடக்கற காரியமாச் சொல்லுடி."

வைதேகி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அங்க பரிமாறவே வழி கிடையாது சித்தி. அப்பா எங்களோட உட்கார்ந்துதான் ஆகணும். அதுக்குத்தான்."

அத்திம்பேர் அப்போது ஜன்னலோரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "பஃபேன்னா எல்லாரும் எழுந்து எழுந்து போயிண்டும் வந்துண்டும் இருப்பாளா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"ஒரே சமயத்துல எல்லாரும் உட்கார்ந்திருக்க மாட்டாளா?"

"அந்தக் கட்டாயமெல்லாம் அங்க இல்லப்பா. அவா அவா இஷ்டம்."

"சரி. போலாம்."

காப்பியைத் தவிர ஹோட்டலில் எதையும் தொட்டறியாதவர் அப்படிச் சொன்னதில் அக்கா நெகிழ்ந்துபோனாள். பேத்திக்காக நியமத்தையே விட்டுவிட்டார் என்று என்னிடம் சொன்னாள். வைதேகிக்கும் தன் சூழ்ச்சி பலித்த மகிழ்ச்சி. பெண், தகப்பனைச் சாப்பிட வைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். தகப்பன், சாப்பிட முடியாததை மறைக்க அதே இடத்தை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஹோட்டலின் முதல் மாடியில், குளிரூட்டிய நீளமான கூடம். விடுமுறைக் கூட்டம். மூடி போட்ட பெரிய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு சுடர். ஓரத்தில் ஒருவர் தோசை வார்த்துக்கொண்டும் இன்னொருவர் ஜிலேபி பிழிந்துகொண்டும் இருந்தார்கள். ஸ்ரீநிதி நூடுல்ஸைக் கண்டு ஓடினாள். அக்காவுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்த இடத்திலிருந்து அத்தனை பாத்திரத்தையும் பார்த்து, "இதையெல்லாம் யார் தேய்ப்பா?" என்றாள்.

அத்திம்பேர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று கூடத்தை முழுக்கப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்தார். அந்த நடை வந்துவிட்டது.

அக்காவுக்கு உறைப்பில்லாதவையாகத் தேடிக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளையின் கை ரொட்டி இருந்த இடத்தில் நின்றது. சூடாக ஒரு ரொட்டி வந்தது. எல்லோரும் மறந்திருந்த மூலையில் ரசம் இருப்பதைக் கண்டுபிடித்து, சூப்புக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். பக்கத்து மேஜையில் வயதான ஒரு அம்மாள் தட்டைப் பிடித்தபடி திகைத்து நின்றாள். அவளையும் உட்கார வைத்து, சாம்பார் சாதமும் பொரியலும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைப் பார்த்த இன்னொருவர், "அண்ணே, இங்க ரெண்டு தண்ணி பாட்டில்" என்று குரல் கொடுத்தார். அத்திம்பேர் அதையும் கொண்டுபோனார். சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் ஓடிவந்து, "சார், நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்று கெஞ்சினார்.

"நீங்க அந்தக் கோடி மேஜையைப் பாருங்கோ. இதை நான் பாத்துக்கறேன்."

நாங்கள் சிரித்துச் சிரித்து அழுதோம். வைதேகிதான் நடுவில் சுதாரித்தாள்.

"அப்பா, உங்க தட்டு எங்கே?"

"இப்பத்தானே எடுத்துண்டு போனான்."

"என்ன சாப்பிட்டேள், சொல்லுங்கோ."

"பனீர்ல உப்பு ஒரு பொட்டு கம்மி. அந்தப் பச்சைப் பட்டாணிப் புலவு பேஷ். ஜிலேபியைச் சூடா இருக்கறச்சேயே சாப்பிட்டுடணும், ஆறினா ஜவ்வாயிடறது."

ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. எங்களுடைய கைகளிலிருந்தும் முகங்களிலிருந்தும் படித்தெடுத்து அவர் ஒப்பித்தார் என்று யார் நினைப்பார்கள்? அங்கே எச்சில் தட்டுகளை நொடியில் எடுத்துவிடுகிறார்கள். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பதற்கு மேஜையின்மேல் ஒரு தடயமும் இருப்பதில்லை.

அவர் கணக்கில் வராதவள் ஸ்ரீநிதி. எங்களில் யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய், ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நடுவில் தயிர்சாதத்தைக் குவித்து, அதன்மேல் மாதுளை முத்துக்களை அழகாகப் பதித்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தாத்தாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தாத்தா, உங்களுக்கு நான் பரிமாறியிருக்கேன். நீங்க வேணும்னு கேக்கவே இல்ல. நானே பாத்துப் போட்டேன். சாப்பிடுங்கோ."

எங்கள் எல்லோருடைய கண்களும் அவர்மேல் இருந்தன. வைதேகி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். அத்திம்பேர் தட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். தயிர்சாதத்தில் ஒரு சிறு உருண்டை எடுத்து வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார். விழுங்கினார். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது.

"பச்சை மிளகா" என்றார்.

"தயிர்சாதத்துல உறைப்பா! தாத்தா அழறார், தாத்தா அழறார்!" என்று ஸ்ரீநிதி கைகொட்டினாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; அவளுடைய கண்ணீர் வேறு. "எத்தனை வருஷம் ஆச்சு, இப்படி எதிர்க்க உட்கார்ந்து சாப்பிட்டு" என்றாள். அவர் இன்னொரு உருண்டையும் எடுத்தார். அதையும் விழுங்கிவிட்டு, கை கழுவி வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"குழந்தை கை மணம் வேற" என்று அவளைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. "கனத்துட்டே" என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் அவர்கள் ரயில் ஏறினார்கள். வழிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் அவரே கட்டிக் கொடுத்தார். வண்டி நகர்ந்து கண்ணுக்கு மறையும் வரை நடைமேடையில் நின்று கையசைத்தார். மறுநாள் காலை, பூஜை முடிந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

"குழந்தைகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாளா?"

"சேர்ந்தாச்சு. ஃபோன் வந்துதே."

"அப்ப சரி. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியா வர வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

குழாய் விட்டுப் பார்த்தது, சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தது, அதற்கு வந்த பதில் எல்லாவற்றையும் அலுவலக விஷயம்போல் நிதானமாகச் சொன்னார். அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

அவர் குரல் தாழ்த்திச் சொன்னார்: "பந்தியில ஒருத்தன் பாதியில எழுந்துண்டா மத்தவாளும் கையை உதறிண்டு எழுந்துடுவா. குழந்தைகள் சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்."

மருத்துவரிடம் அக்கா கேட்டது ஒரே கேள்விதான். தெரிந்த அன்றே வந்திருந்தால்? அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இப்ப அதையெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றார். அந்தப் பதிலை அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். கஞ்சியை வடிகட்டி, அதன் வழியே அக்கா சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். "பக்கத்துல உட்காருங்கோ, நான் பரிமாறறேன்னு சண்டை போடுவியே. இப்ப ஆசை தீரப் பரிமாறு" என்று அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பார்க்கச் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் எதையோ விழுங்கிவிட்டு வந்தோம். இரண்டாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"கதவைச் சாத்தாதீங்கோ. இங்க கொண்டுவந்து சாப்பிடுங்கோ. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

அதன்பிறகு தினமும் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தோம். ஒருக்களித்துப் படுத்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "அவளுக்கு இன்னும் ஒரு கரண்டி சாத்தமுது விடு" என்று அக்காவிடம் சொல்வார். "உனக்கு அந்தக் கத்திரிக்காய் பிடிச்சிருக்கு, வெட்கப்படாதே, போட்டுக்கோ" என்பார். சரியாகத்தான் இருக்கும். கண்ணீரும் சோறும் ஒரே தொண்டையில் எப்படி இறங்குகின்றன என்று நான் அங்கே கற்றுக்கொண்டேன். எழுந்து போகவும் முடியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி தெரிந்து ஓடிவந்த வைதேகி, அந்தப் பஃபே அன்று எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். தட்டின் முன்னால் அத்திம்பேர் உட்கார்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான். வலது கையில் தயிர்சாதம். முகத்தில் சிரிப்பு. இடது கை, மேஜை விரிப்பின் ஓரத்தை விரல்கள் வெளுத்துப்போகும்படி பற்றியிருந்தது. அவள் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள். ஸ்ரீநிதியிடம் நாங்கள் எதையும் சொல்லப்போவதில்லை. கடைசியில் தாத்தாவை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தது தான்தான் என்று அவள் நம்புகிறாள். அந்தப் படத்தைத் தன் படிப்பு மேஜையில் வைத்திருக்கிறாள். அது அவளுக்குச் சொந்தமானது.

பங்குனியில், கோயிலில் சேர்த்தி உற்சவத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு பகல் வேளையில் அவர் போய்விட்டார். நாங்கள் அப்போதுதான் தட்டுகளைக் கழுவி வைத்திருந்தோம். அன்று எங்களைச் சாப்பிட்டு முடிக்க விட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

துக்கம் முடிக்கும் பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு உறவினர் எல்லோரும் வந்தார்கள். மாப்பிள்ளை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போனான். பாவம், நல்ல பிள்ளை. ஒவ்வொருவரிடமும் குனிந்து, "வேணுமா மாமா? வேணுமா மாமி?" என்று கேட்டான். எல்லோரும் போதும் என்றார்கள். சமைத்ததில் பாதி மிஞ்சியது.

வைதேகி எங்களைப் பெங்களூருக்குக் கூப்பிடுகிறாள். தினமும் நண்பகலில் தொலைபேசியில், "சாப்டாச்சா?" என்று கேட்கிறாள். ஆச்சு என்கிறோம். சாத்தமுதும் ஒரு கறியும் நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருகிறோம். நான் அக்காவின் கையைப் பார்க்கிறேன். அவள் என் கையைப் பார்க்கிறாள். எங்களுக்கு அந்த வித்தை அரைகுறையாகத்தான் வருகிறது. தட்டு காலியானபிறகும், இன்னொருத்தி முடித்துவிட்டாளா என்று தெரியாமல், யாரும் முதலில் எழுவதில்லை. அக்கா இருக்கிறாள். நான் இருக்கிறேன். கை காயக் காய உட்கார்ந்திருக்கிறோம்.